காப்புக் கட்டிய பாட்டுக் குழு

என் மகன் கரண்டில் வாசிக்கிற கிட்டார் வாங்கிய நாளிலிருந்து, கண்டியில் எங்கள் வீட்டு முன்னறை எங்களுடையதாக இல்லை. தேயிலைத் தோட்டத்துப் பாட்டுகளைக் கிட்டாரோடும் தப்பு, டோல்கி மேளங்களோடும் பாட ஒரு குழு தொடங்கினான். நல்ல காரியந்தான். நான் பிறந்த பன்வில தோட்டத்தில் கொழுந்தெடுக்கும்போது பாடிய பாட்டுகள் அவன் வாயில் வந்தபோது எனக்கே கண் கலங்கியது. ஆனால் குழு என்றால் ஆட்கள் நிலைக்க வேண்டாமா?

முதல் பாட்டுக்காரனுக்குக் கல்யாணம் ஆனது. மாமனார் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார். தப்படித்த தெல்தோட்டைத் தம்பி கொழும்புக் கடைக்குப் போனான். டோல்கிக்காரன் வேலைக்குக் கட்டாருக்கு. அடுத்து வந்த டோல்கிக்காரனும் கட்டாருக்கே. புதிதாக யார் வந்தாலும் என் மனைவி தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, "நீங்க எப்ப தம்பி போறீங்க?" என்று கேட்பாள்.

இதில் என் நேர்த்தி ஒன்று மாட்டிக்கொண்டது. மனைவிக்கு ஒப்பரேஷன் நடந்தபோது, அவள் பிழைத்து வந்தால் மகனுடைய குழு உன் சந்நிதியில் வாசிக்கும் என்று தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டியிருந்தேன். அவள் பிழைத்துவிட்டாள். குழுதான் பிழைக்கவில்லை. இரண்டு திருவிழா வந்து போனது. இரண்டு முறையும் ஆள் குறை. அம்மாளிடம் சொன்ன சொல் அப்படியே கிடக்க, எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் வருடம் ஒரு யோசனை வந்தது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. எல்லாருக்கும் கட்டிவிட்டால் எவன் ஓடுவான்? காப்புக் கட்டும் நாளன்று முதல் பஸ்ஸிலேயே குழுப் பையன்களை ஏற்றிக்கொண்டு பன்வில போனேன். பூசாரி மஞ்சள் கயிறு கட்டினார். நானும் கட்டிக்கொண்டேன். மனம் குளிர்ந்தது.

தோட்டத்தில் என் தம்பியின் லயத்து வீட்டில் உட்கார்ந்து, "சரி, ஒரு பாட்ட எடுங்க" என்றேன்.

"எப்படிப்பா எடுக்கிறது?" என்றான் மகன். "தப்பும் டோல்கியும் கோயில்லயே இருக்கு, எடுத்துக்கலாம். ஆனா கிட்டாரும் சத்தப் பெட்டியும் கண்டி வீட்ல கிடக்கு."

"ஏன்டா கொண்டு வரல?"

"நீங்கதானே கயிறு கட்டணும், கயிறு கட்டணும்னு இழுத்துட்டு வந்தீங்க!"

என் தம்பி உட்பட எல்லார் கையிலும் காப்பு. கண்டிக்குப் போக ஆளில்லை. மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"நேர்த்தி வைக்கிறப்ப என்னைக் கேட்டீங்களா? இப்ப மட்டும் நான் வேணும்" என்று கத்தினாள். ஆனாலும் திருவிழா அன்று கிட்டாரையும் சத்தம் வருகிற பெட்டியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். சந்நிதிக்கு முன்னால் எல்லாவற்றையும் வைத்தார்கள். மகன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"வயர் எங்கம்மா?"

"எந்த வயரு? கரண்டு வயருதான் பெட்டியோட இருக்கே."

"கிட்டாருல இருந்து பெட்டிக்குப் போற வயரும்மா!"

"அந்தக் கறுப்பு வயரா? அதுலதானே நான் துணி காயப் போட்டிருக்கேன்."

பாடினார்கள். தப்புச் சத்தத்தில் கிட்டார் ஊமையாய்ப் போனது. மகனின் விரல் ஓடியது, அவ்வளவுதான்.

"பரவால்லங்க, அம்மாளுக்குக் கேட்டிருக்கும்" என்றார் பூசாரி.

"கேக்கலீங்க" என்றாள் என் மனைவி. "பக்கத்துல நின்ன எனக்கே கேக்கல. அம்மாளுக்குச் சொன்னா சொன்னபடி செய்யணும். அடுத்த வருசம் வயரோட வர்றோம்."

உயிர் தப்பி வந்தவளே அப்படிச் சொல்லிவிட்டாள். சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

திருவிழாக் கடைசியில் மஞ்சள் நீராட்டு முடிந்து பூசாரி காப்புகளை அவிழ்த்தார். புது டோல்கிக்காரத் தம்பி மணிக்கட்டைத் தடவிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அங்கிள்..."

"கட்டாரா?"

"இல்ல அங்கிள், டுபாய்."