நிறுத்தி நிறுத்திப் பார்த்த வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வந்த எரிச்சலை, நான் வீட்டுக்குப் போகும் கலஹா பஸ்ஸில் ஏற்றியிருந்தால் அதற்குத் தனியாக இரண்டு சீட் பிடிக்கவேண்டியிருந்திருக்கும். மூன்று மாதமாக நான் எழுதிய பகுதி தப்புமா, குப்பைக்குப் போகுமா என்பது அன்று மாலைக்குள் தெரியவேண்டும்.

கண்டியில் எங்கள் சின்ன அலுவலகத்தில் செய்த புரோகிராமில், முடிந்த வேலைகளை எண்ணும் இடம் ஒன்று இருந்தது. எல்லா புரொசசரும் ஒரே எண்ணைத்தான் தொடவேண்டும். ஒன்று பூட்டிக்கொண்டு எண்ணும்போது மற்றவை வெளியே காத்துக் கிடக்கும், ஒரே பேனாவுக்கு ஆபீஸ் முழுக்க வரிசையில் நிற்பது மாதிரி. நான் பூட்டைத் தூக்கிவிட்டு, புரொசசருக்கு ஒன்றாகத் தனித்தனி எண்ணிக்கை கொடுத்தேன்; கடைசியில் எல்லாவற்றையும் கூட்டினால் போதும். எண்ணும்போது பாதியில் வேறு வேலை குறுக்கிட்டால்? அதற்கு இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் கைகொடுக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடர விடாமல், முதல் வரிக்கே திருப்பி அனுப்பிவிடும். எண் எழுதப்படுவது கடைசி வரியில் என்பதால் எதுவும் கெடாது. இதைக் காலையில் எங்கள் குழுவை நடத்தும் லீடிடம் பெருமையாக விளக்கியதே நான்தான்.

லீட் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷர், ஆனால் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார்.

“நீர் சொல்லுறது விளங்குது. ஒவ்வொரு வரியா ஓட்டிக் காட்டும், பாப்பம்.”

டிபக்கரைத் திறந்தேன். ஒரு வரியை ஓடவிட்டு, நிறுத்தி, பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போக உதவும் கருவி அது. முதல் வரி போனது. அடுத்ததுக்கு அழுத்தினால் முதல் வரிக்கே வந்து நின்றது. திரும்ப அழுத்தினேன், திரும்ப முதல் வரி. எழுதியதை மாற்றினேன், மாற்றியதையும் மாற்றினேன். அசையவில்லை. இதற்கிடையில் லீட் கால்மணிக்கு ஒருதரம் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, முடிந்ததா என்று கேட்பார். கேட்டதும் யோசித்துக்கொண்டிருந்ததெல்லாம் மறந்துபோகும். அவரைத் திட்டமுடியாமல் மெஷினைத் திட்டினேன்.

நாலு மணிக்கு வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பரவாயில்லை. பூட்டையே திரும்பப் போடுவம்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அண்ணே, நீங்க வந்து வந்து கேட்டா நான் மறுபடி முதல்லருந்து தொடங்க வேண்டியிருக்கு. கொஞ்சம் பாக்காம இருங்க, முடிச்சிர்றேன்.”

சொன்ன வாய் அப்படியே நின்றது. வரிக்கு வரி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது நானல்லவா? நான் நிறுத்தும் ஒவ்வொரு தரமும் கெர்னலுக்கு அது ஒரு குறுக்கீடு. காலையில் நான் விளக்கின விதிப்படியே, தப்பாமல் முதல் வரிக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பகல் முழுக்க, சரியாக ஓடிய ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது.

மாற்றியதையெல்லாம் பழையபடி ஆக்கி, டிபக்கரை மூடி, புரோகிராமை அதன்பாட்டில் ஓடவிட்டேன். ஒரு கோடி தடவை எண்ணச் சொன்னதில் ஒரு கோடி என்றே வந்தது. ஒன்றுகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

லீட் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் தோளில் தட்டினார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சரி, இப்ப ஒவ்வொரு வரியா காட்டும்.”

நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.