தேவமணியக்காவும் ஆத்துத் தண்ணியும்

பன்னண்டு வருசமா தேவமணியக்காகூட ஒரே லேப்ல வேலை பாக்குதேன். எனக்கு இன்னும் பைத்தியம் பிடிக்காம இருக்கதே கர்த்தர் கிருபை. பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரி லேப்ல அவங்க மூத்த டெக்னீஷியன். நான் கிருபைராஜ், கண்ணாடிச் சாமான் கழுவி, கிருமி வளக்குத சாறு காய்ச்சுதவன். அவங்க அப்பாவும் வாத்தியார், அம்மாவும் வாத்தியார். பாட்டில்ல தேதி எழுதலன்னா ஏச்சு. எழுதுன தேதி கோணலா இருந்தா அதுக்கும் ஏச்சு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில தம்ளரத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டுத்தான் தண்ணி குடிப்பாங்க. என்ன செய்ய?

ஆடி மாசம் உவரியிலருந்து ரெக்சன்னு ஒருத்தர் வந்து சேந்தாரு. படகு எஞ்சின் வெடிச்சு கால் வெந்துபோச்சு. புண்ணுல இருந்த கிருமி ஒரு மருந்துக்கும் மசியல. மிச்சமிருந்தது கொலிஸ்டின் ஒண்ணுதான். சோதிச்சுப் பாத்து, அதுவும் கேக்காதுன்னு எழுதிக் குடுத்தோம். மறுநா மத்தியானம் முழங்காலுக்குக் கீழ எடுத்துருவோம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெக்சன் பெஞ்சாதி ஜாய்சி அழுதுக்கிட்டே கையெழுத்தும் போட்டுட்டா.

மறுநா காலைல அக்கா கத்துனாங்க. "ஏலே கிருபை, இங்கன வா!"

அந்த மருந்துக்குக் கட்டாயம் சாகுத கிருமி ஒண்ண, எங்க சோதனை சரியா நடக்குதான்னு வாரத்துக்கு ஒருக்கா சோதிச்சுப் பாப்போம். அது சாகாம சாறக் கலக்கி வச்சிருந்துது.

"இது செத்திருக்கணும்லா?"

"அதுக்கு ஆயுசு கெட்டி போலுக்கா."

"விளையாடாதலே. எந்தத் தண்ணில காய்ச்சுன?"

எனக்குச் சுள்ளுன்னு வந்துது. டிஸ்டில்டு வாட்டர் மெசின் கெட்டு ஆறு நாளாச்சு. ஆபீஸ்ல மூணு தடவ சொல்லியும் ஒருத்தனும் காதுல போட்டுக்கல. நான் என்ன வானத்துலருந்தா தண்ணி எறக்குவேன்?

"ஆத்துத் தண்ணிதாங்க்கா! தாமிரவருணியவிட நல்ல தண்ணி ஒலகத்துல உண்டா? நல்லா கொதிக்கவும் வச்சேன். ஒரு கிருமி இருக்காது."

அக்கா தலையில கைய வச்சாங்க. "கிருமி இல்லலே, சுண்ணாம்பு இருக்கே! டேங்குல போர் தண்ணியையும்லா கலந்து விடுதான்!"

கொலிஸ்டின் ஒரு பெப்டைடு, அதாவது குட்டிப் புரதத் துண்டு. அதுக்கு பாசிட்டிவ் மின்சுமை, கிருமியோட மேல்தோலுக்கு நெகட்டிவ். அதனால ரெண்டும் ஒட்டிக்கிடும். ஒட்டுனதும் மருந்தோட கொழுப்பு வாலு தோலுக்குள்ள நுழைஞ்சு கிழிச்சிரும். உள்ள இருக்கது ஒழுகிக் கிருமி சாகும். சுண்ணாம்புல இருக்க கால்சியத்துக்கும் பாசிட்டிவ்தான். பாவநாசம் பஸ்ல சன்னல் வழியா துண்டு போட்டு எடம் பிடிக்குத மாதிரி, மருந்து வாரதுக்குள்ள அது தோல்ல எடத்தப் பிடிச்சிரும். மருந்துக்கு ஒட்ட எடம் இருக்காது. இவ்வளவையும் அக்கா மாடிப்படியில ஓடிக்கிட்டே சொன்னாங்க, எனக்கு மூச்சு வாங்குது.

ஆபரேசன் தியேட்டர் வாசல்ல டாக்டர் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. "இன்னொரு நாள் போனா ஆளே போயிருவான், தெரியுமாம்மா?" அக்கா அசையல. ஒரு நாள் கேட்டு வாங்கிட்டாங்க. மருந்துக்கடையில ஊசிக்குக் கலக்குத தண்ணி வாங்கியாந்து சாறு புதுசா காய்ச்சி, ரெக்சன் புண்ணுக் கிருமிய மறுபடி சோதிச்சோம். அடுத்த நாள் காலைல பாத்தா சோதனைத் தட்டுல மருந்து ஊத்துன குழியெல்லாம் தெளிஞ்சு கெடக்கு. கிருமி செத்துப்போச்சு, மருந்து கேக்குது! அப்பவே ஊசியப் போட ஆரம்பிச்சாங்க.

இதோட விட்டிருக்கலாம்லா? ஜாய்சி ஓடி வந்து கையப் பிடிச்சா, அக்கா நேருக்கு நேரா, "தப்பு எங்க லேப் மேலதாம்மா"ங்காங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. கால் தப்பிச்சிட்டுல்லா, பொறவு எதுக்கு நாமளே போயி மாட்டணும்?

கீழ வந்ததும் ரிஜிஸ்டர விரிச்சாங்க. "இதே சாறுல வேற யாருக்குலே பாத்தோம்?"

ஒரே ஒரு பேரு. மேலப்பாளையம் நூகு பாய், சர்க்கரைப் புண்ணு. எங்க ரிப்போர்ட்ட வாங்கிக்கிட்டு வேற ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு.

அக்கா நம்பரப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாங்க. அவரு மவன் எடுத்தான். மறு டெஸ்ட் எடுக்கணும், உடனே வாங்கன்னாங்க.

"இப்ப எதுக்கு? வாப்பாவுக்கு முந்தாநாளே கால எடுத்தாச்சு. நீங்கதான எந்த மருந்தும் கேக்காதுன்னு எழுதிக் குடுத்தீங்க?"

அக்கா கையில இருந்த போன நான் வாங்குனேன்.

"தம்பி, என் பேரு கிருபைராஜ்"ன்னேன். "அந்தத் தண்ணிய ஊத்துனது நாந்தான்."