மூன்று கல் வளைவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், எழுத்துப் பிழை வருமே என்பது ஒரு தயக்கம். அய்யனாருக்குச் செய்த வேலையை வெளியே சொன்னால் தம்பட்டம் அடித்ததாகிவிடுமே என்பது இன்னொன்று. போன ஆடியில் கோயிலுக்குப் போயிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து பொங்கல் வைத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம், அந்தக் கோயில் பாதையில் முன்பு நடந்ததை எனக்கே கதையாகச் சொன்னது. கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். லீவு நாளில் எங்கள் செட்டில் ஐந்தாறு பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போவோம். கடைசி மாந்தோப்பைத் தாண்டினால் தார் ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து ஓடையைக் கடந்து ஒரு மண் பாதை மேடேறி அய்யனார் கோயிலுக்குப் போகும். சாமி கும்பிட்டுவிட்டு, இறக்கத்தில் பெடலை மிதிக்காமல் சர்ரென்று வருவதற்காகவே போனோம் என்றாலும் பொய்யில்லை. அய்யனாருக்கு அது தெரியும்.

ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பாதை பிய்ந்துபோகும். அதைச் சரி செய்ய ஆள் கிடையாது. அதனால் கேரியரில் மண்வெட்டியும் கடப்பாரையும் கட்டிக்கொண்டு போய் நாங்களே பள்ளத்தை அடைக்க ஆரம்பித்தோம். எங்களுக்கு மேஸ்திரி மாதிரி இருந்தவர், மில்லில் ஃபிட்டராக வேலை பார்த்த ஓர் அண்ணாச்சி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் தெலுங்கு வரும், சந்தோஷம் வந்தாலும் தெலுங்கு வரும்.

செட்டில் என் கூட்டாளி ஒருவன் உண்டு. எங்கள் கம்பெனியில் பேண்டேஜ் சுருட்டுகிறவன். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. நடந்தால் கொஞ்ச தூரத்தில் களைத்துப்போவான். சைக்கிளில் உட்கார்ந்துவிட்டால் எங்களை முந்துவான். அண்ணாச்சி பழைய மில் பெல்ட்டில் ஒரு துண்டை வெட்டி வலது பெடலில் வாராகத் தைத்துக் கொடுத்திருந்தார். பாதத்தை அதற்குள் விட்டுக்கொண்டால், ஒரே காலால் மிதிக்கவும் செய்யலாம், மேலே இழுக்கவும் செய்யலாம். ஒரே சங்கடம், வழியில் நிற்க முடியாது. நின்றால் இடது பக்கம் சாய்ந்து விழுந்துவிடுவான்.

கல்யாணமாகிப் பல வருஷம் அவனுக்குப் பிள்ளை இல்லை. ஒரு நாள் கோயில் வாசலில், கல்தூணில் தோளைச் சாய்த்து, சைக்கிளில் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டு நேர்ந்துகொண்டான். பிள்ளை பிறந்தால், யாரும் தள்ளாமல், வழியில் கால் ஊன்றாமல், தானே சைக்கிளில் கொண்டுவந்து முதல் முடி இறக்குகிறேன் என்று. அப்போது பாதை நன்றாக இருந்தது. மறு வருஷமே பெண் குழந்தை பிறந்தது. அதற்கு ஒரு வயது ஆவதற்குள் பெரிய மழை பெய்து, ஏற்றத்தில் இருந்த மண் மொத்தமும் அடித்துக்கொண்டு போய், உள்ளே புதைந்து கிடந்த மூன்று பாறைக் கற்கள் பாதை நடுவில் பல் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. அவனால் ஏற முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் முதல் முடியை ஒற்றைப்படை வயதில்தான் எடுப்போம். ஒன்றாம் வயது போய்விட்டது. மூன்றாம் வயது நடந்துகொண்டிருந்தது. மாசி வந்தால் அதுவும் முடிந்துவிடும். குழந்தைக்கு முடி தோளுக்குக் கீழே இறங்கிவிட்டது. தெருக் குழாயடியில் அவன் மனைவியைக் கேலி செய்வார்கள். "ஏட்டி, மொட்டை எடுக்கதுக்குள்ள வயசுக்கு வந்த சடங்கு வச்சிருவிய போல" என்பார்கள். அவள் வீட்டுக்கு வந்து இவனிடம் கத்துவாள்.

"நான் வேணா தூக்கிட்டு வாரேன்" என்று ஒரு நாள் நான் சொன்னேன்.

"நீ தூக்கிட்டு வாரதா சாமிகிட்ட சொல்லலியே."

"பின்னால இருந்து லேசா தள்ளுதேன். சாமிக்குத் தெரியவா போவுது?"

"ஏலே, நீ தெனமும் நெத்தியில பட்டை போடுதவன். நீயே இப்பிடிச் சொல்லலாமா?"

நான் நெற்றியைத் தடவிக்கொண்டேன்.

அந்த ஆவணியில் எல்லோரும் சேர்ந்து, மாசிக்குள் அந்த ஏற்றத்தைச் சரிப்படுத்திவிடுவது என்று முடிவு செய்தோம். கீழ்ப்பகுதியைக் கல் பொறுக்கி, சாக்கில் சரளை நிரப்பிப் போட்டு, தண்ணீர் குறுக்கே வடிகிற மாதிரி சாய்வாக வாய்க்கால் வெட்டிச் சரிசெய்தோம். மிச்சம் அந்த மூன்று கற்கள்தான். பெரிய கடப்பாரை வேண்டும். அடுத்த லீவில் கொண்டுவந்து பெயர்ப்போம், அதற்குள் யாரும் இடறிவிடாமல் இருக்க வேண்டும், சுண்ணாம்பு பூசி அடையாளம் வையுங்கள் என்றார் அண்ணாச்சி. சுண்ணாம்புப் பொட்டலம் ஓடையைக் கடக்கும்போதே நனைந்து கரைந்துவிட்டது. என் பையில், கோயிலுக்கென்று என் மனைவி கொடுத்தனுப்பிய மஞ்சளும் குங்குமமும் இருந்தன. மஞ்சள் தூரத்திலிருந்தே தெரியும். எல்லோருக்கும் சரியென்று பட்டது.

என் கூட்டாளிதான் பூசினான். அடையாளத்துக்கு ஒரு கோடு போதும். அவன் கை அப்படிப் பழகியதில்லை. மஞ்சளைக் குழைத்துக் கல் முழுக்கத் தடவி, நடுவில் வட்டமாகக் குங்குமம் வைத்தான். மூன்றுக்கும் அப்படியே. விலகி நின்று பார்த்தால் லட்சணமாகத்தான் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் பெரிய கடப்பாரையோடு போனோம். மூன்று கல்லிலும் கதம்ப மாலை. முன்னால் சூடம் எரிந்த கறுப்பு. நடுக் கல்லுக்கு ஒரு சிவப்புத் துண்டு கட்டியிருந்தது. அதன் எதிரில் ஓர் அம்மாள் உட்கார்ந்து தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியிலிருந்து வந்தவளாம்.

அண்ணாச்சி மெதுவாக ஆரம்பித்தார். "அக்கா, இது நாங்க தோண்டி எடுக்கதுக்கு வச்ச அடையாளம்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாமியவா தோண்டப் போறிய?"

"சாமி இல்லக்கா. போன வாரம் நாங்கதான் மஞ்சள் பூசுனோம்."

"பூச வச்சது யாருங்கேன்? ஒங்க கையில மஞ்சளக் குடுத்தது யாரு?"

"இவன் பொண்டாட்டி" என்று அண்ணாச்சி என்னைக் காட்டினார்.

"அவ புண்ணியவதி" என்று சொல்லிவிட்டு, அவள் எனக்கு ஒரு தேங்காய்ச் சில்லைக் கொடுத்தாள். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அண்ணாச்சி என்னை முறைத்தார்.

அவள் போன பிறகு, கடப்பாரையை ஆளாளுக்குக் கை மாற்றினோம். ஒருவரும் முதல் குத்துக் குத்தவில்லை. எனக்கு மனசு துணியவில்லை. மஞ்சள் பூசியவனோ கல்லைப் பார்ப்பதும் ஏற்றத்தைப் பார்ப்பதுமாக நின்றான். தன் கையாலேயே தன் வழியை அடைத்துவிட்டோமே என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"ஏம் சேஸ்தாம்ப்பா, என்னத்தச் செய்ய" என்று அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். செத்த நேரம் கழித்து எழுந்து, ஏற்றத்தின் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். "கல்ல நகத்த வேண்டாம். பாதைய நகத்துவோம்" என்றார்.

அப்படித்தான் வேலை மாறியது. முதல் கல்லுக்கு வலது பக்கமாக, இரண்டாவதற்கு இடது பக்கமாக, மறுபடி மூன்றாவதற்கு வலது பக்கமாக, மேட்டைச் செதுக்கிச் செதுக்கிப் பாதையை வளைத்தோம். சாமியைச் சுற்றுவதால் வளைவை ஒட்டிப் போடக்கூடாது, தாராளமாக விட வேண்டும் என்றேன் நான். அதனால் வளைவு நீண்டது, நீண்டதால் ஏற்றம் தணிந்தது. புதுப்பட்டி அக்காவும் வரும்போதெல்லாம் சட்டியில் மண் சுமந்தாள். "சாமி காலடி மண்ணுப்பா, எச்சித் துப்பாம அள்ளுங்க" என்று அதட்டுவாள்.

பாதை முடிந்ததும் அவன் தனியாக ஏறிப் பார்த்தான். இரண்டாவது வளைவில் பொலபொல மண்ணில் சக்கரம் வழுக்கி, இடது பக்கப் புதரில் போய் விழுந்தான். முள்ளுக்குள் கிடந்தபடி, "சைக்கிளத் தூக்குங்கலே மொதல்ல" என்றான்.

ஐப்பசி மழை அடித்தது. எங்கள் மொத்த உழைப்பும் ஓடையில் போயிருக்கும் என்று நினைத்துத்தான் போனோம். மேலே இருந்து வந்த தண்ணீர் ஒவ்வொரு கல்லிலும் மோதி ஒதுங்கி ஓரமாக வடிந்திருந்தது. பாதை மண் இறுகி, சிமெண்டு போட்டது மாதிரி கிடந்தது. கல்லைப் பெயர்த்திருந்தால் அந்தக் குழியிலேயே தண்ணீர் அறுத்திருக்கும் என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, முன் பாரில் துண்டைச் சுற்றி, குழந்தையை உட்காரவைத்து, இன்னொரு துண்டால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு அவன் கிளம்பினான். அவன் மனைவியும் நாங்களும் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனோம். நடுக் கல்லருகே புதுப்பட்டி அக்கா திருநீற்றுத் தட்டோடு நின்றாள்.

"செத்த நில்லுப்பா, பிள்ளைக்குப் பூசிருதேன்."

"நின்னா விழுந்துருவேங்க்கா."

"அப்பம் மெல்லப் போ" என்று சொல்லிக்கொண்டு, அவள் கூடவே ஓடி, குழந்தையின் நெற்றியில் பூசப் போய் அவன் மூக்கில் பூசிவிட்டாள். அவன் தும்மினான். சைக்கிள் ஆடியது. மூன்றாவது கல்லையும் சுற்றி, தொடை நடுங்க நடுங்க மிதித்துப் போய், கோயில் கல்தூணைக் கையால் பிடித்தபோதுதான் சைக்கிள் நின்றது. குழந்தை கைதட்டியது. முடி இறக்கும்போது அது போட்ட கூச்சலில் மரத்துக் குரங்குகள் எல்லாம் ஓடிப்போயின.

பிறகு தொண்ணூறுகளில், தடித்த டயரும் கியரும் வைத்த புது சைக்கிள்களில் காலேஜ் பையன்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தெல்லாம் அங்கே வர ஆரம்பித்தார்கள். அந்த வளைவுகளில் ஓட்டுவதற்கென்றே வந்தார்கள். கேரியர் இல்லாத சைக்கிளில் மண்வெட்டியை எங்கே கட்டுவீர்கள் என்று அண்ணாச்சி கேட்டார். அடுத்த மழைக்குப் பிறகு அவர்கள் அதை முதுகில் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

போன ஆடியில் அந்தக் குடும்பம் சொன்ன கதையில், அந்தக் கற்கள் ஒரே ராத்திரியில் தானாக முளைத்தனவாம். நொண்டியான ஒருவர் மூன்று கல்லையும் சுற்றியதும் கால் நேராகி நடந்தே வீட்டுக்குப் போனாராம். அவன் கால் நேராகவில்லை. இன்றைக்கும் அந்தக் கால் அப்படியேதான் இருக்கிறது, அந்த வார் போட்ட பெடலையும் மாற்றவில்லை. அவனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "அப்பம் நான் மிதிச்சதெல்லாம் கணக்குல இல்லையா" என்று கேட்டுச் சிரித்தான். சிரித்தாலும் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

போகும்போதெல்லாம் அந்தக் கற்களை நானும் கும்பிடுகிறேன். மஞ்சள் யார் பூசினார்கள் என்று தெரிந்திருப்பதால் எனக்குச் சாமி குறைந்துபோகவில்லை. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சுண்ணாம்பு நனைந்தது, மஞ்சள் பூசியது, பாதையை வளைத்தது, அவன் ஒற்றைக் காலால் மிதித்து ஏறியது, எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கட்டும். அய்யனாருக்கு அது போதும்.