அப்பா ஒப்படைத்த கைதி

அப்பா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் பெறும் உறவினர்களையும் நண்பர்களையும் அவருடைய மூத்த மகளாக வணங்குகிறேன். உங்களில் பலருக்கு அப்பாவின் வாழ்க்கையில் பாதிதான் தெரியும். மறுபாதி உங்களிடம் தவறாகச் சொல்லப்பட்டது. அதை நேராகச் சொல்லிவிட வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம்.

அலங்காநல்லூர் வட்டாரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாக அப்பா பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அண்ணன்மாரோடு மாடு பூட்டிக் கமலையில் கிணற்று நீர் இறைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார். நல்ல உயரம் இருந்ததால் போலீஸ் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டையைத் தாமே துவைத்துக் கஞ்சி போடுவார். அம்மாவைக்கூடத் தொட விடமாட்டார். அழகர்கோவில் திருவிழாப் பணியில், கூட்டத்தில் தவறிய குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தாயின் கண்ணில் படும்வரை வெயிலில் நிற்பார் என்று உடன் பணியாற்றியவர்கள் சொல்வார்கள்.

ஏட்டாகப் பதவி உயர்வு பெற்றதும் மலையடிவாரத்து ஊர் ஒன்றின் புறக்காவல் நிலையத்துக்கு மாற்றப்பட்டார். அந்த ஊரின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே தொலைபேசி கிடையாது. காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. ஸ்டேஷனுக்குத் தகவல் போக வேண்டுமென்றால் கண்டக்டரிடம்தான் சொல்லிவிட வேண்டும். மாடு காணாமல் போனாலும், வரப்புத் தகராறு என்றாலும், பிரசவ வலி என்றாலும் ஊரார் “ஏட்டையா” என்று அப்பாவைத் தேடித்தான் வருவார்கள். ஒருமுறை பாம்பு கடித்தவரைச் சைக்கிளில் தன்னோடு துண்டால் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி வரை மிதித்துப் போனார்.

அங்கே அப்பாவுக்குத் துணையாக ஓர் இளம் கான்ஸ்டபிள் இருந்தார். அவரை நாங்கள் சித்தப்பா என்றே அழைத்து வளர்ந்தோம். அவருக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் முடித்து வைத்ததும் அப்பாதான். எங்கள் வீட்டில் கறி எடுத்தால் அவர் வந்த பிறகுதான் அப்பா இலையில் உட்காருவார். கடைக்குட்டியான தனக்கு ஒரு தம்பி கிடைத்தான் என்று எல்லாரிடமும் சொல்லி மகிழ்வார்.

மதுவிலக்கு மீண்டும் வந்திருந்த காலம் அது. மலை ஓடைகளில் கள்ளச்சாராயம் காய்ச்சினார்கள். ஒருவன் காய்ச்சியதைக் குடித்து ஊரில் இருவர் இறந்தார்கள். இன்னொருவருக்குக் கண்பார்வை போயிற்று. காய்ச்சியவனுக்குப் பயந்து ஊரே வாயைத் திறக்கவில்லை. கண்ணிழந்தவரின் மனைவி தங்கம்மாள் அக்கா மட்டும் அவன் பதுங்கியிருந்த இடத்தை அப்பாவிடம் வந்து சொன்னார். அப்பாவும் சித்தப்பாவும் மலையேறிப் போய் அவனைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

தகவல் போய், மறுநாள் நண்பகலில் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். கைதியைப் பெற்றுக்கொண்டதற்கு எழுதித் தரும்படி அப்பா கேட்டார்.

“அதெல்லாம் ஸ்டேஷன்ல போட்டுக்கலாம், ஏத்துய்யா” என்றாராம் அவர்.

மேலதிகாரியின் சொல்லை அப்பா நம்பினார். சித்தப்பாதான் அவனை ஜீப்பில் ஏற்றினார். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சல்யூட் அடித்து அனுப்பிவைத்தார்.

அந்த ஜீப் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தபோது அவன் அதில் இல்லை. பெரிய இடத்தில் அவனுக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த வாரமே தங்கம்மாள் அக்காவைக் களத்துமேட்டில் வைத்து வெட்டினான். அக்கா பிழைத்தார், வலது கை போயிற்று.

பிடிபட்டவன் எப்படி வெளியே வந்தான் என்று விசாரணை வந்தது. தான் கைதியை வாங்கவே இல்லை, ஏட்டுதான் கைநீட்டிப் பணம் வாங்கிக்கொண்டு அவனை அவிழ்த்து விட்டார் என்றார் இன்ஸ்பெக்டர். டீக்கடையில் இருந்தவர்களோ ஜீப் வந்ததையே பார்க்கவில்லை என்றார்கள். ஆனாலும் அப்பா கலங்கவில்லை. தம்பி இருக்கிறான், அவன் சொல்வான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு விசாரணைக்குப் போனார்.

திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டதும் சொன்னார்.

“ஏட்டையாதேன் அவுத்து விட்டாருன்னு தம்பி சொல்லிட்டான். என் மூஞ்சியவே பாக்கல. செவத்தப் பாத்தே சொன்னான்.”

தங்கம்மாள் அக்கா கட்டுப்போட்ட கையோடு மதுரைக்குப் பேருந்தேறி வந்து, அவனை இன்ஸ்பெக்டரின் ஜீப்பில் பார்த்ததாகச் சொன்னார். யாரும் அழைக்காமல் வந்த சாட்சி, ஏட்டுக்கு வேண்டியவள் என்று அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அப்பாவை மறுபடி சாதாரணக் கான்ஸ்டபிளாக இறக்கி, நகரத்துக்கு மாற்றினார்கள். சட்டைக் கையில் இருந்த ஏட்டுப் பட்டையை அம்மா பிளேடால் பிரித்தெடுத்தார். பட்டை இருந்த இடத்தில் துணி வெளுக்காமல் அப்படியே இருந்தது. வேறு சட்டை தைக்கும்வரை அதைத்தான் போட்டுக்கொண்டு போக்குவரத்துப் பணியில் நின்றார். சித்தப்பா விரைவிலேயே ஏட்டானார். எதிரில் வரும்போது அப்பா அவருக்குச் சல்யூட் அடிக்க வேண்டியிருந்தது. அடித்தார்.

இதை எழுதும்போது மனம் கனக்கிறது. அந்த ஆண்டுகளில் எங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்காத சொந்தங்களும் இம்மலரை வாசிப்பார்கள். லஞ்சம் வாங்கிய போலீஸ்காரன் வீடு என்று எங்கள் வீட்டைத் தாண்டிப் போனவர்கள், அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஓய்வுக்குப் பிறகு வில்லாபுரத்து வீட்டில் அமைதியாக இருந்தார். என் கல்யாணத்துக்குச் சித்தப்பாவை அழைக்கலாமா என்று அம்மா கேட்டபோது, “வேணாம்” என்ற ஒரு சொல்தான் வந்தது. எல்லாரையும் மன்னித்து அமைதியாகக் கண்மூடினார் என்று எழுதச் சொன்னார்கள் சிலர். அப்பா மன்னிக்கவில்லை. நெஞ்சு வலியோடு படுத்திருந்த கடைசி நாட்களிலும், ஜீப் கிளம்பிப் போனதை என்னிடம் விவரித்துக்கொண்டே இருந்தார்.

அப்பாவின் காரியத்தன்று சித்தப்பா மாலையோடு வந்தார். படத்தின் முன் நின்று அழுதார். அன்று பயந்துவிட்டதாகவும், வேலை போய்விடும் என்று மிரட்டினார்கள் என்றும், நடந்த உண்மையை இனி யாரிடம் வேண்டுமானாலும் சொல்வதாகவும் சொன்னார். அம்மா அவரை முழுக்கப் பேசவிட்டுக் கேட்டார்.

“மனுசன் உசுரோட இருக்கையில வந்து சொல்லியிருக்கணும். ஒரு நாளாச்சும் நிம்மதியாத் தூங்கியிருப்பாரு. இப்ப யாருக்குச் சொல்லப் போறீக? சாப்புட்டுப் போங்க. மாலையப் போட வேணாம்.”

“மதினி...” என்றவர், மாலையோடு படியிறங்கிப் போய்விட்டார்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தம் வண்டியில் கொண்டுசென்று, கடைசிவரை உடனிருந்த அடுத்த வீட்டுக் காஜா மாமாவுக்கும் அவர் குடும்பத்தாருக்கும், துக்க நாட்களில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட தெருக்காரர்களுக்கும் கைகூப்புகிறோம். ஒரே கையோடு இரண்டு பேருந்து மாறி வந்து, அப்பாவின் காலடியில் அமர்ந்திருந்த தங்கம்மாள் அக்காவுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அப்பா கைதியைத் தப்பவிடவில்லை, ஒப்படைத்தார். இதை அறிய வேண்டியவர்கள் எல்லாருக்கும் இம்மலர் போய்ச் சேர வேண்டும் என்று, முதல் பிரதியைச் சித்தப்பா வீட்டுக்குத் தம் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்க அம்மா புறப்படுகிறார்.