மலையடியில் கழற்றிய சப்பாத்து

அகஸ்ரீனாவுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். மன்னாரில் தம்பியின் கலியாணம் முடிந்து இத்தாலியின் பலேர்மோ நகருக்குத் திரும்பியவள் காய்ச்சலில் சுருண்டாள். அப்போதும் வெறும் பயணக் களைப்பு என்றே சாதித்தாள். மொண்டெல்லோவில் அவள் வேலை செய்யும் வீட்டு இத்தாலிய அம்மா, அந்தச் சிஞ்ஞோரா, நல்ல மனுசி. வற்புறுத்திக் கூட்டிப்போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பித்தாள்.

நெருப்பாய்க் கொதித்த அன்று அகஸ்ரீனா ஒரு நேர்த்தி வைத்தாள். காய்ச்சல் விட்டதும் வெறுங்காலோடு மலையேறி, மேலே கோயில்கொண்ட புனிதை சாந்தா றொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவாள். வேதக்காரரான கிறிஸ்தவர், சைவக்காரர் என்றில்லாமல் இங்குள்ள தமிழர் எல்லோரும் ஏறுகிற மலை அது.

விடிந்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

"இண்டைக்கே போறன்," என்றாள்.

"ரத்த முடிவு வரட்டுமன்," என்றான் கணவன் ஏர்னஸ்ற்.

"காய்ச்சலே விட்டிட்டுது. பிறகென்ன முடிவு?"

அவளோடு வாதாடி வென்றவர் யார்? அவனும் கூடப் போனான். மலையடியில் அவள் சப்பாத்தைக் கழற்றினாள். வயிறு நொந்தது, பசி என்று நினைத்தாள். அப்போதுதான் ரத்தம் பார்த்த வைத்தியர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். காய்ச்சல் விட்டதை அகஸ்ரீனா பெருமையோடு சொன்னாள்.

"இது டெங்கு. காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து தொடங்கும்," என்றார் வைத்தியர். "ரத்தம் உறைய உதவும் பிளேற்லெற் மிகவும் குறைந்திருக்கிறது. நீர் கசிந்து ரத்தமும் தடித்துவிட்டது. ஓரடியும் ஏறாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்."

அகஸ்ரீனா மலையைப் பார்த்தாள். "நேர்த்தியைப் பாதியிலை விட்டா அவ கோவிக்க மாட்டாவோ?"

"மலை அங்கைதான் நிக்கும். நீர் போயிட்டா நான் என்ன செய்யிறது?" ஏர்னஸ்ற் சப்பாத்தை எடுத்து அவள் முன் வைத்தான்.

அவள் சப்பாத்தைத் திரும்பப் போட்டாள்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பல் முரசில் ரத்தம் கசிந்தது, நாடி தளர்ந்தது. சேலைன் ஏறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் ஏர்னஸ்ற் வாசலில் செபமாலையோடு நின்றான். இறங்கிக்கொண்டே போன பிளேற்லெற் ஒருநாள் நின்று, மெல்ல ஏறத் தொடங்கியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. சிஞ்ஞோராவையும் வைத்தியரையும் தாதிமாரையும் அவள் தினமும் செபத்தில் நினைத்தாள்.

உடம்பு தேறியபின் இருவரும் மீண்டும் மலையடிக்குப் போனார்கள். அவள் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். பக்கத்தில் ஏர்னஸ்றும் கழற்றினான்.

"உங்களுக்கு என்ன நேர்த்தி?"

"அண்டைக்கு என்ரை சொல்லைக் கேட்டு நீர் சப்பாத்தைத் திரும்பப் போட்டீரெல்லோ," என்றான் ஏர்னஸ்ற். "அதுக்கு."