வியாழக்கிழமை வரி, ஞாயிற்றுக்கிழமை வாக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சிசிலித் தீவில் பலெர்மோவின் கபோ சந்தைப் பகுதியிலுள்ள எங்கள் தமிழ் ஆட்களின் சங்க மண்டபத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: தலைமை வகித்த மாஸ்டர், பக்கத்தில் பொருளாளர் கணேசன், மர வாங்குகளில் உட்கார்ந்த இருபத்திரண்டு ஆண்கள், கடைசி வாங்கில் என் தங்கச்சி வசந்தி, அவளோடு ஒட்டிக்கொண்டு, வட இத்தாலியில் பொலோனியாவிலிருந்து போன விருந்தாளியாக நான். சங்கத்தில் அறுபது பேர். அதில் முப்பத்திநான்கு பேர் பெண்கள். மற்ற முப்பத்துமூன்று பெண்களும் அந்த நேரம் எங்கே என்று பிறகு சொல்கிறேன். இப்போதே தொடங்கினால் கோபத்தில் பயணத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

வெள்ளி மாலை பொலோனியாவில் ரயில் ஏறினேன். 1996 ஐப்பசி மாதம். இரண்டாம் வகுப்புக்கு எண்பத்தோராயிரம் லீரா. ஏறியதிலிருந்து பெர்மெஸ்ஸோவை, அதுதான் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதிக் கடதாசியை, ஐந்தாறு தரம் தொட்டுப் பார்த்திருப்பேன். எதிரே ஜெர்மனியில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் ஒரு சிசிலிக்காரர். பலெர்மோவில் தண்ணீர் ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வராது, வரிச்சீட்டு மட்டும் ஒரு மாதமும் தவறாது என்று நாப்போலி வரை திட்டிக்கொண்டே வந்தார். பிறகு வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். எனக்கு நித்திரை வரவில்லை.

விடியற்காலையில் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளினார்கள். ரயிலுக்குள் இருந்தபடியே கடலைக் கடக்கலாம். நான் கடலுக்கு அடியில் பெட்டிக்குள் இருக்கமாட்டேன் என்று மேல்தட்டுக்கு ஓடினேன். கடக்க அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூட எடுத்தது. சோற்று உருண்டையைப் பொரித்து அரஞ்சினா என்று விற்கிறார்கள், இரண்டாயிரத்து ஐந்நூறு லீரா. சூடு நாக்கைச் சுட்டது. மெசினாவிலிருந்து பலெர்மோ வரை இருநூற்றிச் சொச்சம் கிலோமீற்றர், வலப்பக்கம் முழுக்கக் கடல். அழகுதான். ஆனால் நான் போனது அழகு பார்க்க அல்ல.

வசந்தி லிபெர்த்தாவில் ஒரு கிழவியின் வீட்டில் தங்கி வேலை செய்தவள். வசதியானவர்களின் குடியிருப்பு அது. ஆவணியில் கிழவி செத்துப்போனார். செத்த வீடு முடிந்த கையோடு பிள்ளைகள் வீட்டைப் பூட்டினார்கள். தங்கி வேலை செய்பவளுக்கு வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும். அப்படிப் போகிறவர்களுக்காகத்தான் சங்க மண்டபத்தின் பின்னால் ஓர் அறை இருந்தது. இரண்டு கட்டில், சுவரோரம் பெண்களின் பெட்டிகள், சந்தையைப் பார்த்த ஒரு யன்னல். மீன் நாற்றம் வரும், பரவாயில்லை. அந்த அறையை வாடகைக்கு விடப்போகிறார்கள் என்று வசந்தி தொலைபேசியில் அழுததால்தான் புறப்பட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து பெட்டியை மாறி மாறித் தூக்கிக்கொண்டு நடந்தோம். மாஸ்டர் நல்ல மனிதர் என்று வழியெல்லாம் சொன்னாள். ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். இப்போது பொலிதேயாமாவில் ஒரு சப்பாத்துக் கடையின் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். சங்கத்தின் யாப்பை, அதுதான் விதிகளை, அமெரிக்காவின் யாப்பைப் பார்த்து அவரே எழுதினாராம்.

ஞாயிறு பன்னிரண்டரைக்குக் கூட்டம் தொடங்கியது. மாஸ்டர் முதலில் அமெரிக்க யாப்பு பிறந்த கதையைச் சொன்னார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அவர் சொன்னதில் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். இங்கிலாந்து அரசனின் பாராளுமன்றம் கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு அமெரிக்க ஆட்களிடம் வரி கேட்டது. அந்தப் பாராளுமன்றத்தில் அவர்களுடைய ஆள் ஒருவரும் இல்லை. எங்கள் ஆள் இல்லாத இடத்தில் போட்ட வரியை நாங்கள் கட்டமாட்டோம் என்று கப்பலில் வந்த தேயிலையைத் துறைமுகத்தில் கொட்டினார்கள். ஆளப்படுகிறவர்கள் சம்மதித்தால்தான் அரசுக்கு அதிகாரம் என்று எழுதிவைத்தார்கள். சண்டை முடிந்து முதலில் போட்ட ஏற்பாட்டில் நடுவில் இருந்த அரசுக்கு வரி அறவிட உரிமை இல்லை, கஜானா காலி. ஆகையால் 1787 கோடையில் பிலடெல்பியாவில் கதவு யன்னலைச் சாத்திக்கொண்டு கூடினார்கள். சட்டம் போடுகிறவன், நடத்துகிறவன், தீர்ப்புச் சொல்கிறவன் என்று அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தார்கள், ஒருவனை ஒருவன் மறிப்பதற்காக.

கையை ஆட்டி ஆட்டி அவர் சொல்லச் சொல்ல எனக்கே மயிர் கூச்செறிந்தது. அந்த ஆர்வத்தில் இன்னொன்றும் சொன்னார். சட்டசபையில் சனத்துக்குத் தக்க ஆசனம் என்றபோது அடிமை வைத்திருந்த மாநிலங்கள் தங்கள் அடிமைகளையும் எண்ணச் சொன்னார்களாம். ஐந்து அடிமைக்கு மூன்று பேர் என்று முடிவானது. ஆசனத்துக்கு எண்ணினார்கள், அடிமைக்கு வாக்கு இல்லை.

வசந்தி என் காதுக்குள் சொன்னாள்: "அக்கா, இந்த மண்டபம் எடுக்கேக்கையும் அப்பிடித்தான். அறுபது பேர் இல்லாத சங்கத்துக்குத் தரமாட்டன் எண்டு வீட்டுக்காரன் நிண்டவன். அப்பதான் எங்கடை பேரையும் சேர்த்தவை."

மாஸ்டர் தண்ணீர் குடித்துவிட்டு அன்றைய விஷயத்துக்கு வந்தார். பின்னறையை ஒலிவ்காய் வியாபாரி ஒருவருக்குப் பீப்பா வைக்கக் கொடுத்தால் மாதம் இரண்டு லட்சம் லீரா வரும். அந்தக் காசில் பெரிய டிவியும் டெக்கும் வாங்கலாம். இருபது கை எழும்பியது. மனைவிமாருக்குப் பயந்த நான்கு பேர் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்கள். எதிராக எழும்பிய ஒரே கை வசந்தியுடையது. மாத முடிவில் அறை காலியாக வேண்டும் என்று கணேசன் எழுதினார்.

ஞாயிறு மத்தியானம் சிசிலியில் எந்த சிஞ்ஞோரா வேலைக்காரியை வெளியே விடுவாள்? மகன், மருமகள், பேரப்பிள்ளை எல்லோரும் வந்து மேசையைச் சுற்றி இருக்கும் நேரம். முப்பத்துமூன்று பெண்களும் லிபெர்த்தாவில் பஸ்தா பரிமாறிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு ஓய்வு வியாழன் பின்னேரம். ஞாயிறு என்றால் கோப்பை கழுவி முடித்த பிறகு. சந்தாக்காசு சேர்க்க மாஸ்டர் பொலிதேயாமா சதுக்கத்துக்கு வருவது எந்த நாள் தெரியுமா? வியாழன் பின்னேரம்.

எழும்பினேன். "மாஸ்டர், காசு வாங்க வியாழன் தெரியுது. கூட்டம் வைக்க வியாழன் தெரியேல்லையோ?"

அவர் கோபிக்கவில்லை. "தங்கச்சி, கூட்டம் வேறை, காசு வேறை. நீங்கள் விருந்தாளி, இருங்கோ."

சிரித்தார்கள். நான் திரும்ப வாங்கில் இருந்தேன். அப்படி இருந்ததை நினைக்க இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

நான்கு மணிக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். கையில் வெள்ளைப்பூண்டு மணம், பையில் மிச்சச் சாப்பாடு. பின்னறைக் கட்டில்களில் நெருக்கி இருந்தார்கள். மொரீசியஸிலிருந்து வந்த சரோஜினி அக்காவுக்குத் தமிழ் மட்டுமட்டு. தமிழ் வடிவாகத் தெரியாதவர் கூட்டத்துக்கு எதற்கு என்று முன்பே அவரிடம் சொல்லியிருக்கிறார்களாம். சந்தாவை அவர் எந்த மொழியில் கொடுத்தாலும் வாங்குவார்கள். அவருக்காக மாஸ்டரின் பேச்சை எனக்குத் தெரிந்த இத்தாலியனில் திருப்பிச் சொன்னேன். தேயிலைக்கு வந்ததும் ஒரு பெண் மறித்தாள்.

"தேயிலையை ஏன் கடலிலை கொட்டுவான்? வீட்டை கொண்டுபோய்க் குடிச்சிருக்கலாமே."

"குடிச்சால் வரி கட்டினதாப் போடுமடி," என்றாள் வசந்தி.

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. சரோஜினி அக்கா விரல் விட்டு எண்ணினார். ஆளுக்குப் பத்தாயிரம், முப்பத்திநான்கு பெண்கள். மண்டபத்து வாடகை ஆறு லட்சம். பெண்கள் இல்லாவிட்டால் பாதிகூடத் தேறாது. பீப்பாக்காரனின் இரண்டு லட்சமும் அந்த ஓட்டையை அடைக்காது. பிறகு வசந்தியின் கழுத்துக் கயிற்றில் தொங்கிய அறைச் சாவியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதை அவளுடைய சட்டைக்குள்ளே போட்டுவிட்டார்.

வியாழன் மாலை என் ரயில். அதற்கு முன் சதுக்கத்துக்குப் போனேன். பெண்கள் வரிசையாக வாங்குகளில் இருந்துகொண்டு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் தோளில் பையோடு வந்து முதல் வாங்கில் கை நீட்டினார். காசு இல்லை. இரண்டாம் வாங்கிலும் இல்லை. மூன்றாவதில் சரோஜினி அக்கா, கூட்டத்தை வியாழக்கிழமை வைத்துத் திரும்ப வாக்கெடுத்தால் அன்றைக்கே எல்லாக் காசும் வரும் என்று இத்தாலியனில் அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொன்னார்.

மாஸ்டர் என்னைத்தான் பார்த்தார். "நீங்கள் சொல்லிக் குடுத்ததோ, தங்கச்சி?"

"நீங்கள்தான் மாஸ்டர் சொல்லிக் குடுத்தது. நான் இருந்து கேட்டனான்."

அவருடைய முகம் சுருங்கியது. படிப்பித்த மனிதர் அல்லவா, விளங்காமல் இருக்காது. விளங்கியும் நான்காவது வாங்குக்குப் போனார்.

பொலோனியாவுக்குத் திரும்பும் வழியெல்லாம் பயந்தேன். வசந்தியின் பெட்டியைத் தெருவில் வைத்துவிடுவார்களோ, தங்கச்சிக்கு விலாசம் இல்லாமல் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாமல் போகுமோ என்று. எங்கள் பொலோனியாச் சங்கத்தில் கூட்டம் எந்த நாள் என்று அப்போதுதான் யோசித்தேன். ஞாயிறு, மத்தியானம். ஐந்து வருடமாகச் சந்தா கட்டுகிறேன். ஒருநாளும் போனதில்லை, போகாததை யோசித்ததும் இல்லை.

நேற்று வசந்தி தொலைபேசி எடுத்தாள். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு மாஸ்டர் இன்னும் சம்மதிக்கவில்லை. வீட்டுக்காரன் இரண்டு தரம் வந்து வாடகை கேட்டுக் கத்திவிட்டுப் போயிருக்கிறான். பீப்பா வரவில்லை, டிவியும் வரவில்லை. அவள் அந்த அறையில்தான் படுக்கிறாள், சாவியும் அவளிடம்தான். இரண்டு மாதத்துக்கும் சேர்த்துப் பெண்கள் கட்டாமல் வைத்திருக்கும் சந்தா ஆறு லட்சத்து எண்பதாயிரம் லீரா.