தலைக்கு மேலே அவள் வீடு

மார்ச் 1995: பாயா ரும்புட் அருகே, பழைய ரப்பர்த் தோட்டத்தில் அமையவிருந்த வீடமைப்புத் திட்டத்தின் மனை வரைபடத்தையும் நிலம் சமன்படுத்தும் வரைபடத்தையும் நகராண்மைக் கழகம் அங்கீகரித்தது. வரைந்த பொறியாளன் நான். ஜூன்: என் மனைவி காலமானாள். ஆகஸ்ட்: குன்றை வெட்டி, அதன் மண்ணைக் கீழேயிருந்த சதுப்பில் நிரப்பினார்கள்.

அந்தக் குன்றின் மேலிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில்தான் அவள் பிறந்தாள். இறந்தவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் சூடம் ஏற்றுவது அவர்கள் குடும்ப வழக்கம். அதற்காக அவளுடைய தம்பி தட்டுடன் வந்தான். எங்கும் சமமான செம்மண்.

"மாமா, நம்ம வீடு எங்க?"

உயர அளவுகள் எனக்கு மனப்பாடம். காற்றைச் சுட்டிக் காட்டினேன். "அங்க. தலைக்கு மேல இருபதடி."

"அப்ப மண்ணு?"

"கீழ, அந்த மனைகளுக்கு அடியில."

அவன் கோபிப்பான் என்று நினைத்தேன். அவனோ நெடுநேரம் அண்ணாந்து பார்த்தான்.

"அக்கா மாடி வீடு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கெடச்சிருச்சு லா, மாமா."

சூடத்தை ஏற்றி, தட்டை இரு கைகளாலும் வானை நோக்கி உயர்த்தினான். அவள் பிறந்த அறையின் ஊடாக ஒரு மைனா பறந்து சென்றது. உயரங்களை எண்களாக மட்டுமே அறிந்திருந்த நான், அன்று முதன்முறையாக ஓர் உயரத்தை நோக்கிக் கைகூப்பினேன்.

இன்னும் செய்யாதவை:
சரிவில் புல் பதிப்பது.
கீழ் வடிகாலை முடிப்பது.
எங்கள் வீட்டில், அவள் கேட்ட மாடி.